பதிமூன்று வருடம் கிழியாத கால்சட்டை

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சங்கிலி ரம்பம் என் இடது தொடையில் இறங்கியது. நகரப் பூங்காவின் பெரிய லிண்டன் மரத்தில் பதினோரு மீட்டர் உயரத்தில் இருந்தேன். பாதி அறுத்த கிளை அசைந்தது. ரம்பம் துள்ளி என் பக்கம் திரும்பியது. பிறகு நின்றுவிட்டது.

அந்தக் கால்சட்டையை அதற்காகத்தான் தைக்கிறார்கள். துணிக்குள் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி மேல்துணியைக் கிழித்ததும் இழைகள் வெளியே வந்து ரம்பத்தின் பற்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். எந்திரம் திணறி நிற்கும். இதெல்லாம் ஒரு தும்மல் நேரத்தில் நடந்துவிடும்.

கீழே இறங்கினேன். சாம்பல் நிறக் கால்சட்டையிலிருந்து இழைகள் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் போல வெள்ளையாகத் தொங்கின.

கீழே எனக்குக் கயிறு பார்ப்பவள் ரோஸ்வீதா. பன்னிரண்டு வருடமாக என் உயிர் அவள் கையில் இருக்கிறது. அதைச் சொல்லிக்காட்ட அவள் தவறியதில்லை.

"டேய் போல்டி, கால் இருக்கா?"

"இருக்கு."

"எண்ணிப் பாரு."

"ரெண்டு."

"அப்ப சாப்பிட வா."

தொடையில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. சாப்பிடும்போது அந்தக் கோட்டை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். ரோஸ்வீதா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ரம்பம் பட்ட கால்சட்டையை மறுபடி போடக்கூடாது. தைத்தும் போடக்கூடாது. இழை ஒருமுறைதான் வேலை செய்யும். நல்ல விதி. கால்சட்டை இல்லாமல் மரம் ஏறக்கூடாது. அதுவும் நல்ல விதி. இன்னொரு விதியும் இருந்தது. ஆறு மாதம் மரம் ஏறாதவனின் ஏறும் தகுதி ரத்தாகும். மூர்வெண்ட் நகராட்சியில் மரம் ஏறுபவன் நான் ஒருவன்தான். எனக்கு நாற்பத்தெட்டு வயது. ரத்தானால் திரும்பக் கொடுக்க மாட்டார்கள். பிறகு ஓய்வுபெறும்வரை பூங்காவில் உதிர்ந்த இலைகளைக் காற்று எந்திரத்தால் ஊதலாம்.

ஆக எனக்கு ஒரு கால்சட்டை வேண்டும். ஏப்ரல் பாதிக்குள் வேண்டும். அதே சாம்பல் நிறம், அதே அளவு. இதில் கஷ்டம் எதுவும் இருப்பதாக அன்று எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு அதிகாரி இஞ்சினியர் பீபர் நல்ல மனிதர். எழுந்து கை குலுக்கிவிட்டு உட்காரச் சொன்னார்.

"கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"காயம்?"

"இல்ல."

"ஒரு தையலாவது?"

"இல்ல, இஞ்சினியர் சார்."

அவர் முகம் வாடியது.

"அப்ப விபத்துன்னு எழுத முடியாதே."

"ரம்பம் தொடையில பட்டுது சார்."

"தொடையில படலை. பேன்ட்ல பட்டுது. தொடையில பட்டிருந்தா என்கிட்ட படிவம் இருக்கு." இழுப்பறையைத் திறந்து காட்டினார். பச்சை நிறக் கட்டு, பிரிக்கப்படவே இல்லை. "இது போனா மூணு நாள்ல புது பேன்ட் வந்துடும்."

"காலே போயிருந்தா?"

"அன்னிக்கு சாயந்திரமே."

காலில்லாதவனுக்குக் கால்சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

"இது சொத்துச் சேதத்துலதான் வருது. நகராட்சி பேன்ட். வாங்கி எட்டு மாசம். நீங்க அதை ரம்பத்தால அறுத்திருக்கீங்க."

"நானே ஒண்ணு வாங்கிக்கறேன் சார். என் காசுல."

"சொந்த பேன்ட்டா?" பீபர் கதவைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "போல்டி, சொந்த பேன்ட் சொந்தக் காலைக் காப்பாத்தும். காலைல ஏழு மணியிலேர்ந்து மூணரை வரைக்கும் அந்தக் கால் உங்களுது இல்ல."

நான் என் காலைப் பார்த்தேன். அப்போது மணி பத்தே கால்.

விஷயம் பாதுகாப்பு ஆடைத் தேர்வுக் குழுவுக்குப் போனது. அதன் தலைவர் அரசவை ஆலோசகர் முனைவர் சிர்ன்காஸ்ட். ஆஸ்திரியாவில் அரசர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு ஆலோசனை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிர்ன்காஸ்ட் மாநில அலுவலகத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தபோது பட்டத்தையும் கூடவே கொண்டுவந்தார். அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டதில்லை. அவர் மனைவி கடையில் இறைச்சி வாங்கும்போது கடைக்காரர் "ஆலோசகர் அம்மாவுக்கு இன்னும் நூறு கிராம்?" என்றுதான் கேட்பார்.

குழுவின் பொறுப்பு ஒரே வரியில் இருந்தது: நீடித்து உழைக்கக்கூடியதும் அணிய வசதியானதுமான கால்சட்டையைத் தேர்ந்தெடுத்தல். நீடிப்பை நவம்பரில் எடுத்துக்கொண்டார்கள். வசதியை அதற்குப் பிறகு வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். 'தகவல் தருபவர்' என்று எனக்கு முன்னால் ஒரு அட்டை வைத்தார்கள். கேட்டால் பேசலாம்.

கூட்ட அறையில் இரண்டு கால்சட்டைகள் மாட்டப்பட்டிருந்தன. ஒன்று என்னுடைய சாம்பல். தொடை பிளந்து இழை தொங்கியது. இன்னொன்று ஆரஞ்சு. பதிமூன்று வருடத்துக்கு முன் எனக்கு முந்தைய ஏறுபவருக்காக வாங்கியது. முன்பக்கம் மட்டும்தான் அதில் இழை உண்டு, பின்பக்கம் வெறும் துணி. தரையில் நின்று விறகு அறுப்பவனுக்கு அது போதும். மரத்தில் ரம்பம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். துணி கதவுப் பலகை போல விறைப்பாக இருந்தது. அவர் அதை அரை மணி நேரம் போட்டார் என்றும், கழற்றி அலமாரியில் மாட்டிவிட்டுப் பேருந்து ஓட்டப் போய்விட்டார் என்றும் ரோஸ்வீதா சொல்வாள்.

சிர்ன்காஸ்ட் எழுந்தார். சாம்பல் கால்சட்டையின் பிளவுக்குள் பேனாவை விட்டுப் பார்த்தார்.

"எட்டு மாசம்," என்றார். "எட்டே மாசத்துல இந்த நிலைமை."

பிறகு ஆரஞ்சின் பக்கம் திரும்பினார். அதன் மேல் கையை வைத்தார்.

"பதிமூணு வருஷம். ஒரு தையல் விட்டிருக்கா? ஒரு நூல் பிரிஞ்சிருக்கா? நிறம் பாருங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு துணி எங்க கிடைக்கும்?"

குழுவினர் தலையசைத்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"ஐயா, அது அலமாரியில இருந்துது."

"எங்க இருந்துதுங்கறது கேள்வி இல்ல, போல்டி. எப்படி இருக்குங்கறதுதான் கேள்வி."

"சாம்பல் பேன்ட்தான் ஐயா என் காலைக் காப்பாத்துச்சு."

"காப்பாத்துச்சு. ஒத்துக்கறேன். ஒரு தடவை." அவர் ஒரு விரலைக் காட்டினார். "ஒரே தடவையில முடிஞ்சுபோற பொருளை நீடிச்சு உழைக்கற பொருள்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? தீக்குச்சியும்தான் எரியுது. அதை அடுப்புன்னு சொல்லலாமா?"

யாரோ இதைக் குறித்துக்கொண்டார்கள். பின்னர் நகராட்சி மலரிலும் வந்தது.

பீபர் புள்ளிவிவரம் வாசித்தார். சாம்பல் கால்சட்டை பயன்பாட்டில் இருந்த எட்டு மாதத்தில் சம்பவம் ஒன்று. ஆரஞ்சு கால்சட்டை நகராட்சியில் இருந்த நூற்று ஐம்பத்தாறு மாதங்களில் சம்பவம் ஏதும் இல்லை. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. பாதுகாப்புத் துறையில் இருபத்திரண்டு வருடம். பூஜ்யத்தை அவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

நீடிப்பு முடிந்தது. ஏகமனதாக.

மதியம் இறைச்சிக் கடைக்கு வெளியே நின்று ரோஸ்வீதாவிடம் சொன்னேன். அவள் இறைச்சி வைத்த ரொட்டியைக் கடித்தபடி கேட்டாள்.

"அப்ப உன்னையும் அலமாரியில மாட்டச் சொல்லு. நீயும் நூறு வருஷம் இருப்ப."

"வசதி இன்னும் பாக்கி இருக்கு ரோஸி. போட்டுப் பாத்தா அவங்களுக்கே தெரிஞ்சிடும்."

"யாரு போட்டுப் பாப்பாங்க?"

"நான்தானே."

அவள் கடிப்பதை நிறுத்தினாள். "உன்னை நான் பன்னிரண்டு வருஷமா கயித்துல பிடிச்சிருக்கேன். இவ்வளவு கனமான முட்டாளைப் பிடிச்சிருக்கோம்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அவள் சொன்னது சரி. என்னைச் சோதனைக்குச் சேர்க்கவில்லை. காரணத்தைச் சிர்ன்காஸ்ட் அன்போடு விளக்கினார்.

"நீங்க அந்தச் சாம்பல் பேன்ட்டால காப்பாத்தப்பட்டவர். உங்களுக்கு நன்றி இருக்கும். நன்றி இருக்கறவர் நடுநிலையா இருக்க முடியாது. உங்க மேல தப்பே இல்ல."

"வேற யாரு ஐயா மரம் ஏறுவாங்க?"

"மரம் எதுக்கு? மரத்தைக் கொண்டுவந்தா அது ரெண்டாவது காரணியாயிடும். நாம சோதிக்கறது பேன்ட்டை."

அவரே ஆரஞ்சைப் போட்டுக்கொண்டார். வெளியிலிருந்து ஆள் வைப்பது முறையல்ல என்றார். பீபரும் இன்னொருவரும் பிடித்து ஏற்றினார்கள். ஐம்பத்தெட்டு அளவு இடுப்பு அவருக்குக் கச்சிதமாக இருந்தது. என் அளவு ஐம்பது.

சோதனை ஜனவரி முழுவதும் நடந்தது. ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய கேளிக்கைத் திருவிழா மாதம், ஆகவே ஒவ்வொரு அமர்விலும் ஆப்ரிகாட் ஜாம் வைத்துப் பொரித்த உருண்டைகள் வந்தன. சிர்ன்காஸ்ட் ஆரஞ்சு கால்சட்டையில் நான்கு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார். அதில் உட்கார்ந்தவர் பிறர் உதவி இல்லாமல் எழ முடியாது. அறிக்கையில் அது இப்படி வந்தது: 'அணிந்தவருக்கு எழுந்திருக்கும் எண்ணமே தோன்றவில்லை.' ஒருமுறை தொடையில் ஜாம் சிந்தியது. கால்சட்டையும் ஆரஞ்சு, ஜாமும் ஆரஞ்சு. 'கறை தெரிவதில்லை' என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் அந்த மாதங்களில் இலை ஊதினேன். இலை தீர்ந்ததும் பனி தள்ளினேன். லிண்டன் மரத்தில் பாதி அறுத்த கிளை அப்படியே நின்றது. கீழே சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தோம். தினமும் அதைக் கடந்து போவேன். அண்ணாந்து பார்ப்பேன். கால் எங்கே வைக்க வேண்டும், கயிறு எந்தக் கவட்டையில் போட வேண்டும் என்று கண் தானாகப் பார்க்கும். வீட்டில் கதவுச் சட்டத்தில் தொங்கினேன், கை மறந்துவிடக் கூடாது என்று. உள்ளங்கைக் காய்ப்பு உரிய ஆரம்பித்தது. அடியில் இருந்த தோல் அலுவலகத்துக்காரர்களுடையது போல இருந்தது.

பிப்ரவரி கடைசியில் முடிவு வந்தது. ஆரஞ்சு. ஆனால் அலமாரியில் இருந்த இந்த ஒன்றேதான். அந்த வகையைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கடையில் கிடைக்காத பொருள் என்பது அதன் தரத்துக்கு மேலும் ஒரு சான்று என்றார் சிர்ன்காஸ்ட்.

பீபரின் அறையில் அதைப் போட்டுக்கொண்டேன். இடுப்பைத் தோளில் மாட்டும் பட்டைகளால் இழுத்துக் கட்டினோம். முழங்காலைத் தூக்கினேன். பாதியில் நின்றது.

"மடங்கலை சார்."

பீபர் கோணமானியை எடுத்துவந்தார். மண்டியிட்டு அளந்தார்.

"நாப்பத்தஞ்சு டிகிரி. நல்ல எண்."

"மரத்துல கால் இடுப்பு வரைக்கும் வரணும்."

"எந்த மரத்துல?"

"எல்லா மரத்துலயும்."

"ஏறும் வேலைக்குப் படி உயரம்னு ஒரு அளவு இருக்கு." அவர் ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டினார். "பதினேழு சென்டிமீட்டர்."

"அது மாடிப்படிக்கு சார்."

"ஏறறதுதானே?"

நகராட்சிக் கட்டடத்தின் மாடிப்படியில் என்னை ஏறச் சொன்னார்கள். தலைக்கவசம், இடுப்புக் கச்சை, கயிறு எல்லாம் போட்டுக்கொண்டு ஏறினேன். சிர்ன்காஸ்ட் மேலே நின்றார். பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு தம்பதி எனக்கு வழிவிட்டார்கள். இரண்டு மாடி. கால்சட்டை பதினேழு சென்டிமீட்டரை ஒவ்வொரு முறையும் தாண்டியது.

"பாத்தீங்களா?" என்றார் சிர்ன்காஸ்ட். "பயம் உங்களுக்குத்தான். பேன்ட்டுக்கு இல்ல."

பிறகு பொறுப்பு ஏற்புப் பத்திரம். இந்தக் கால்சட்டை நகராட்சியின் ஒப்பீட்டு மாதிரி. எதிர்கால ஆடைகள் அனைத்தும் இதனோடு ஒப்பிடப்படும். ஆகவே வெட்டு, கிழிசல், திருத்தம் எதுவும் கூடாது. ஏதேனும் நேர்ந்தால் ஆடை திரும்பப் பெறப்படும். மாற்று ஆடைக்குத் தேர்வு நடைமுறை முதலிலிருந்து தொடங்கும்.

"ரம்பம் பட்டா?" என்றேன்.

"படாம பாத்துக்கணும்," என்றார் பீபர். "அதுக்காகத்தான் ரம்பத்துக்கு உறை குடுத்திருக்கோம்."

"உறையோட எப்படி சார் அறுக்கறது?"

"அது உங்க தொழில். நான் தலையிட மாட்டேன்."

ஆறு மாதம் முடிய இருபத்து நாலு நாள் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். இரண்டு பிரதி.

மார்ச் கடைசி வாரம், வியாழக்கிழமை. மூர் ஆற்றிலிருந்து வந்த மூடுபனி ஒன்பது மணிக்கு விலகியது. ரோஸ்வீதா மரத்தடியில் கயிறுகளைப் பிரித்து வைத்தாள். குழு முழுவதும் வந்திருந்தது. கம்பளிக் கோட்டும் இறகு வைத்த தொப்பியுமாக நாடாவுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள்.

ரோஸ்வீதா என் கச்சையை இழுத்துப் பார்த்தாள். பிறகு கால்சட்டையை விரல் முட்டியால் தட்டினாள். டொக் என்றது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?" என்றாள்.

"சும்மா இரு."

"போல்டி, வேணாம்டா. இலை ஊதறது ஒண்ணும் கேவலம் இல்ல. நான் வருஷம் பூரா ஊதறேன்."

"ஒரே ஒரு தடவை ஏறிட்டா தேதி புதுசாயிடும் ரோஸி. அப்புறம் ஆறு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஏதாவது பண்ணலாம்."

"ரம்பத்தை மேல அனுப்ப மாட்டேன். முதல்ல நீ போய்ச் சேரு."

ஏறினேன். கயிற்றில் தொங்கி மேலே போவது கையின் வேலை. கை மறக்கவில்லை. ஏழு மீட்டர் வரை நன்றாகவே போனது. பட்டையின் ஈர வாசனை வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக ஊரின் கூரைகளைப் பார்த்தேன். நான் சிரித்தேன் என்று ரோஸ்வீதா பிறகு சொன்னாள்.

எட்டாவது மீட்டரில் பக்கவாட்டுக் கிளைக்குக் காலை வைக்க வேண்டும். ஆயிரம் முறை வைத்த கால். தூக்கினேன். நாற்பத்தைந்து டிகிரியில் நின்றது. உடம்பு அதற்குள் சாய்ந்துவிட்டிருந்தது. கால் காற்றில் விழுந்தது. கயிறு என்னைக் கோயில் மணியின் நாக்கு போல வீசியது. இடது முழங்கால் அடிமரத்தில் மோதியது.

சத்தம் கீழே வரை கேட்டதாம்.

தொங்கிக்கொண்டிருந்தேன்.

"போல்டி!" ரோஸ்வீதாவின் குரல். "கயித்தை விடு. மெதுவா விடு. நான் பிடிக்கறேன்."

"போல்டி!" இது சிர்ன்காஸ்ட். "பேன்ட்டுக்கு என்ன ஆச்சு?"

குனிந்து பார்த்தேன். "ஒண்ணும் ஆகலை ஐயா."

கீழே யாரோ கை தட்டினார்கள். குளிருக்காகவும் இருக்கலாம்.

மருத்துவமனையில் செவிலியர் மிலேனா என் காலைப் பார்த்தாள். தொடவில்லை. துணிக்குள் முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு உப்பியிருந்தது.

"வீங்கிட்டே போகுது. உருவ முடியாது. வெட்டிடறேன்." பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வெட்டாதீங்க."

"என்ன?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்."

மிலேனா ரோஸ்வீதாவைப் பார்த்தாள். "தலையில அடிபட்டிருக்கா?"

"இல்ல சிஸ்டர். நகராட்சியில வேலை."

"வலி எவ்வளவு இருக்கும்னு தெரியுமா இவருக்கு?"

"நீங்க வெட்டுங்க. நான் பாத்துக்கறேன்," என்றாள் ரோஸ்வீதா.

"ரோஸி, வேணாம். கிழிஞ்சா இன்னொண்ணு கிடையாது. அவங்க மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. அடுத்த வருஷம் ஆயிடும்."

"அடுத்த வருஷம் ஆகட்டும்டா!"

"அப்புறம் நான் மேல போக முடியாது."

ரோஸ்வீதா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மிலேனா இரண்டு உதவியாளர்களை அழைத்தாள். ஒருவர் என் தோளை அழுத்தினார். மற்றவர் கால்சட்டையின் அடியைப் பிடித்தார். உருவினார்கள். நான் கத்தியது எனக்குக் கேட்டது. பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்த குழந்தை நிறுத்திவிட்டது.

ஆம்புலன்ஸுக்குப் பின்னால் தன் காரிலேயே வந்திருந்த பீபர் நடைபாதையில் காத்திருந்தார். கால்சட்டையை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தையல் தையலாகப் பார்த்தார். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் மருத்துவர் வந்தார். முழங்கால் சில்லு நான்கு துண்டு. கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

"நடப்பீங்க. வண்டி ஓட்டலாம். தோட்ட வேலை பண்ணலாம்."

"மடங்குமா டாக்டர்?"

"பாதி மடங்கும். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க."

"மரம்?"

"என்ன மரம்?" என்றார். பக்கத்துப் படுக்கைக்குப் போய்விட்டார்.

மாலையில் பீபர் வந்தார். ஒரு பெட்டி சாக்லேட், ஒரு பச்சைக் கட்டு. அந்தக் கட்டைப் பிரித்துவிட்டிருந்தார்.

"இந்த தடவை படிவம் இருக்கு," என்றார். குரலில் உண்மையான நிம்மதி. "விபத்துன்னே எழுதிட்டேன். காயம், தையல், கம்பி, எல்லாம் இருக்கு. எந்தச் சிக்கலும் வராது. ஆலோசகர் ஐயாவும் விசாரிச்சார். ஆடை பிரமாதமா நின்னிருக்குன்னார். இவ்வளவு பெரிய சம்பவத்தைத் தாண்டியும் ஒரு நூல் பிரியலை."

"நன்றி சார்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"பாதிதான் மடங்குமாம்."

"பாதின்னா எவ்வளவு?"

"பாதி சார்."

அவர் கோணமானியைக் கொண்டுவந்திருக்கவில்லை. இரண்டு விரல்களை விரித்து என் போர்வைக்கு மேல் ஒரு கோணம் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் சுருக்கினார். மறுபடி பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஒரு நண்பனுக்கு நல்ல செய்தி கொண்டுவந்தவரின் முகம் அது.

"நாப்பத்தஞ்சு," என்றார். "போல்டி, இப்ப உங்களுக்கு அந்த பேன்ட் அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கும்."

படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"அணிய வசதியா இருக்கா?"

நான் பேசவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கட்டங்களின் மேல் பேனாவை ஓட்டினார். பேசாதவர்களுக்கும் ஒரு கட்டம் இருந்தது.